ஒரே எஞ்சினுக்கு இரண்டு சார்ஜரா?

கேள்வி: டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர் இரண்டையும் ஒரே கார் எஞ்சினில் பொருத்தினால் லாபம் இரட்டிப்பாகும்தானே?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: உங்கள் ஊர் சிப்காட் வாசலில் லோடு லாரி கிளம்புவதைக் கவனியுங்கள். முதலில் திணறும், எஞ்சின் சுற்று ஏறிய பிறகே நன்றாக இழுக்கும். காரணம், அதன் டர்போவைச் சுழற்றுவது புகைப்போக்கு வாயு. குறைந்த சுற்றில் அது போதாது. சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்திருப்பதால் உடனே காற்றை அழுத்தும். ஆனால் அதற்கான சக்தியை எஞ்சினிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும் என்பதால்தான் 1985-இல் லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் இரண்டும் சேர்ந்தன. 2005-இல் ஃபோக்ஸ்வாகன் 1.4 லிட்டர் கோல்ஃப் எஞ்சினிலும் சேர்த்தது. அதில் தேவையில்லாத வேளையில் சூப்பர்சார்ஜரை ஒரு மின்காந்த கிளட்ச் விடுவித்துவிடும். 170 குதிரைசக்தி, 1,750 சுற்றில் 240 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்தன.

அப்படியானால் இன்றும் அதுதானே சிறந்தது என்பீர்கள். இல்லை. அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறை 1.4 எஞ்சின் ஒற்றை டர்போவோடு 1,500 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் தந்தது. உச்ச சக்தி சற்றுக் குறைவுதான். ஆனால் நகர ஓட்டத்துக்குத் தேவை ஆரம்ப இழுவையே. கூடுதல் பெல்ட், கிளட்ச், குழாய்கள் எல்லாம் எடையும் செலவும்தான். வெளிக்கடையில் பொருத்தலாம் என்று எண்ணாதீர்கள்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஒற்றை டர்போ காரே வாங்குங்கள். எஞ்சின் ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள்.