பூத்த தண்டை மட்டும் வெட்டுங்கள்

லண்டனில் வீடு வாங்கிக் குடிவரும் பிள்ளைகள் பலர் மே மாதத்தில் கார்டன் சென்டருக்குப் போய், ஊதா இலையும் எலுமிச்சைப் பச்சைப் பூவுமாக நிற்கும் ஒரு சாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த வருடம் "அங்கிள், பூக்கவே இல்லை" என்று போன் வருகிறது. அதற்கடுத்த வருடம் "செத்துப் போச்சு அங்கிள்." எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, ஆகையால் எழுதிவிடுகிறேன்.

1. லேபிளைத் தூக்கி எறியாதீர்கள். அந்தச் சாடியில் இருப்பது ஸ்பர்ஜ், அதாவது யூஃபோர்பியா. ஊதா இலை ஸ்பர்ஜ் என்று விற்கும் எல்லாம் ஒன்றல்ல. 'யூஃபோர்பியா அமிக்டலாய்டிஸ் பர்ப்பூரியா' என்றால் அது இங்கிலாந்துக் காடுகளில் தானாக வளரும் செடியின் ஊதா வகை. குளிர்காலத்திலும் இலையோடு நிற்கும். 'டல்சிஸ் கமீலியன்' என்றால் இலையுதிர் காலத்தில் செம்மஞ்சளாக மாறி, பிறகு மண்ணோடு மறைந்துவிடும். போய்விட்டதென்று அந்த இடத்தைக் கொத்திவிடாதீர்கள், வசந்தத்தில் வரும். 'ரொபியே' என்று இருந்தால் யோசித்து வாங்குங்கள். அதன் இலை கரும்பச்சை. நிலத்தடியில் ஓடிப் பரவும். மேரி ஆன் ராப் என்ற சீமாட்டி 1891இல் துருக்கியிலிருந்து தொப்பிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாராம்; அதனால் இன்றும் அதற்கு 'திருமதி ராப்பின் தொப்பி' என்று பெயர். இனி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் பர்ப்பூரியாவுக்கு.

2. இது கள்ளி இனம். முள் இல்லை, சதைப்பற்று இல்லை, பார்த்தால் சாதுவாக இருக்கும். ஒரு இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் சொட்டும். ஊரில் முற்றத்து ஓரம் முளைக்கும் அம்மான் பச்சரிசியும் இதே பேரினம்தான். பால் தோலில் பட்டால் எரியும், சிலருக்குக் கொப்புளம் போடும். கண்ணில் பட்டால் விளையாட்டல்ல: கடுமையான வலி, வீக்கம், சில நாள் பார்வை மங்கலும் வரலாம். கையுறை, நீளக் கைச் சட்டை, கண்ணாடி மூன்றும் வேண்டும். கையுறையோடு வியர்வையைத் துடைக்கிற பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள்; பால் கண்ணுக்குப் போகிற வழி பெரும்பாலும் அதுதான். தோலில் பட்டால் காயுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரை நெடுநேரம் ஓடவிட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன செடி என்று டாக்டருக்குக் காட்ட லேபிளின் படம் போனில் இருக்கட்டும்.

3. அரைநாள் வெயில் விழும் இடம் பாருங்கள். காட்டுச் செடி என்பதால் நிழலில் சாகாது. ஆனால் ஊதா கரைந்து பச்சையாகிவிடும். பிறகு எதற்கு வாங்கினோம்?

4. லண்டன் களிமண் குளிர்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "செத்துப் போச்சு" என்ற கேஸ்களில் பாதி குளிரால் அல்ல, வேர் அழுகியதால். நடும் இடத்தில் சரளை மணலும் இலைமக்கும் கலந்து, சுற்றியுள்ள தரையைவிட ஒரு கையளவு உயர்த்தி நடுங்கள். உரம் கொட்டாதீர்கள். கொழுத்த செடியின் தண்டு சரிந்து விழும்.

5. இனிதான் முக்கியமான சங்கதி. இதன் தண்டுக்கு ஆயுள் இரண்டு வருடம். முதல் வருடம் அடியிலிருந்து புறப்பட்டு இலைவிட்டு நிற்கும். குளிர்காலத்தைக் கடந்து மறு வசந்தத்தில் நுனியில் பூக்கும். பூத்ததும் அந்தத் தண்டின் கதை முடிந்தது. ஆகவே கோடையில் பார்த்தால் ஒரே புதரில் முடிந்த தண்டும் அடுத்த வருடத் தண்டும் கலந்தே இருக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அக்டோபரில் தோட்டத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று மற்றச் செடிகளோடு இதையும் தரைமட்டமாக மழித்துவிடுகிறீர்கள். அடுத்த வருடப் பூ முழுவதும் குப்பைத் தொட்டிக்குள் போய்விடுகிறது.

ஜூனில், பூ பழுப்பேறியதும் செய்யுங்கள். குந்தியிருந்து புதரை இரண்டு கையாலும் விலக்கிப் பாருங்கள். பூத்த தண்டின் அடிப்பகுதி மரம்போல் இறுகி, இலை உதிர்ந்து வெறுமையாக இருக்கும். அதன் காலடியில் செந்நிறக் குருத்துகள் நெருக்கமாக இலைவிட்டு எழும்பிக்கொண்டிருக்கும். பூத்ததை நுனியிலிருந்து கீழ்வரை விரலால் தொடர்ந்து வந்து, சந்தேகமில்லை என்று கண்டபின் அடியில் வெட்டுங்கள். குருத்தைத் தொடாதீர்கள். குளிர்காலக் கடைசியில் நுனி குனிந்து நிற்கிற தண்டுகள்தான் அந்த வசந்தத்தில் பூக்கப்போகிறவை. வாடிவிட்டதென்று நினைத்து அதற்கும் கத்தரிக்கோலோடு போகிறவர்கள் உண்டு. (கமீலியனுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, காய்ந்ததும் முழுவதையும் வெட்டலாம்.)

6. கடும் உறைபனிக் காலையில் செடி முழுவதும் தொய்ந்து தரையில் கிடக்கும். பத்து மணி வெயிலுக்கு எழுந்து நிற்கும். அதற்கெல்லாம் போன் வேண்டாம்.

7. கோடை முடிவில் இலையில் வெள்ளை மாவு படிந்தால் அது சாம்பல் நோய். பர்ப்பூரியாவுக்கு இது பரம்பரை வியாதி என்றே சொல்லலாம். வேர் காய்ந்து, காற்றும் அடைபட்டிருந்தால் வரும். மருந்து தேடி ஓடாமல், நோய்பட்ட தண்டை வெட்டி அகற்றி, வேருக்குத் தண்ணீர் விட்டு, மண்மேல் மக்கு போடுங்கள். பக்கத்துச் செடியைக் கொஞ்சம் தள்ளி நடுங்கள்.

8. விதையை நம்பிச் சோம்பேறியாக இருக்கலாம். மூன்று பிரிவுள்ள சிறு காய் வெயிலில் வெடித்து விதையைச் சிதறடிக்கும். மிச்சத்தை எறும்பு இழுத்துப் போகும். முளைப்பவற்றில் நல்ல ஊதாவை வைத்துக்கொண்டு பச்சையைப் பிடுங்கிவிடுங்கள். தயவுதாட்சண்யம் பார்த்தால் சில வருடத்தில் தோட்டம் முழுக்கப் பச்சைதான் நிற்கும்.

9. பூவை அறைக்குள் வைக்க ஆசைப்பட்டால், வெட்டிய முனையைச் சில விநாடி கொதிநீரில் பிடியுங்கள், பால் நிற்கும். நாம் பூ என்று ரசிப்பது இதழல்ல, பூவைச் சுற்றிய இலைச் செதில்கள். அதனால் வாரக்கணக்கில் தாங்கும். தவழுகிற குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் இந்த ஆசையே வேண்டாம்.

10. நன்றாகப் பார்த்தாலும் பர்ப்பூரியா நீண்டகாலம் இருக்கிற செடியல்ல. சில வருடங்களில் நடுப்புறம் வெறுமையாகிவிடும். அதற்கு முன்பே, கோடைத் தொடக்கத்தில் அடிக்குருத்துகள் சிலவற்றை வெட்டி, பால் வடிவது நிற்க முனையை வெதுவெதுப்பான நீரில் தோய்த்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். எல்லாம் பிடிக்காது, ஆறு வைத்தால் இரண்டு பிடித்தாலும் போதும். வேர் பிடித்ததைச் செப்டம்பருக்குள் தரையில் நட்டுவிடுங்கள். தவறினால் அடுத்த ஏப்ரல் வரை சாடியிலேயே, மழை நேராக விழாத சுவரோரத்தில் வைத்திருங்கள்.