ஐந்தாம் மாடியில் ஒரு ஸ்கேனர்

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீடு. ஐந்தாவது மாடி. சன்னலோர மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி. பார்ப்பதற்குப் பழைய கடிகார வானொலி போலத்தான் இருக்கும். ஆனால் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒவ்வோர் அலைவெண்ணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஓடும். எங்காவது குரல் கேட்டால் சட்டென்று நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடத் தொடங்கும். இதன் பெயர் ஸ்கேனர்.

எதற்கு இந்த ஓட்டம்? ராகாவை 99.3-இல் வைத்தால் நாள் முழுதும் ஒலி வரும். அது ஒலிபரப்பு. விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும், கப்பலும் துறைமுகமும் பேசுவது அப்படியல்ல. மூன்று, நான்கு வினாடி பேச்சு. பிறகு நீண்ட அமைதி. அடுத்த பேச்சு எந்த அலைவெண்ணில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானங்களின் பேச்சுப் பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அகலம் 19 மெகாஹெர்ட்ஸ், அதாவது 19,000 கிலோஹெர்ட்ஸ். 25 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு படி என்றால் 760 படிகள். உங்கள் ஸ்கேனர் வினாடிக்கு 50 படிகள் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 15 வினாடி ஆகும். நான்கு வினாடிப் பேச்சு அதற்குள் தொடங்கி முடிந்தே போகலாம். அதையே, தேவையான பத்து அலைவெண்களை மட்டும் நினைவகத்தில் பதித்து வைத்தால், ஒரு சுற்றுக்கு 0.2 வினாடி போதும். 'சர்ச்' பொத்தானுக்கும் 'ஸ்கேன்' பொத்தானுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதலாவது ஊரெல்லாம் தேடும். இரண்டாவது தெரிந்த வீடுகளை மட்டும் எட்டிப் பார்க்கும். புதிதாக வாங்கியவர்கள் பலர் சர்ச்சை அழுத்திவிட்டு, "ஒன்றுமே கேட்கவில்லை" என்று ஒரே நாளில் பெட்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

பதிவது கடினமில்லை. சேனல் எண்ணைத் தேர்ந்து, அலைவெண்ணைத் தட்டி, என்டர் அழுத்த வேண்டியதுதான். கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகு. முதலில் பண்பேற்ற வகை. கப்பல்களும் அமெச்சூர்களும் இந்தப் பட்டைகளில் எஃப்.எம். பயன்படுத்துகிறார்கள். விமானங்கள் இன்றும் ஏ.எம். தான். பழைய முறையை ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். எஃப்.எம். வாங்கியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான சமிக்ஞை மெலிந்ததை அடியோடு விழுங்கிவிடும். இன்னொருவர் பேசியதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் கலந்து ஒரு கீச்சொலி எழும். கோபுரத்தில் இருப்பவர் உடனே, இருவர் பேசிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு மீண்டும் கேட்பார். அந்தக் கீச்சொலி ஓர் உயிர்காப்பு வசதி.

அடுத்தது ஸ்குவெல்ச். வெறும் இரைச்சல் வரும்வரை அந்தத் திருகைக் குறையுங்கள். பிறகு இரைச்சல் நிற்கும் இடம்வரை மெல்ல ஏற்றி, அங்கேயே விடுங்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம். ஏற்ற ஏற்ற, தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரல்கள் எல்லாம் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிடும். குறைத்தே விட்டாலோ, ஸ்கேனர் இரைச்சலையே பேச்சு என்று நினைத்து முதல் சேனலிலேயே நின்றுவிடும்.

நகரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. 120.7 மெகாஹெர்ட்ஸில் திடீரென்று சினிமாப் பாட்டு கேட்கலாம். பெட்டி கெட்டுவிடவில்லை. எளிய வாங்கிகள் பலவற்றில் இடைநிலை அலைவெண் 10.7 மெகாஹெர்ட்ஸ். 120.7-ஐப் பிடிக்க, பெட்டிக்குள் இருக்கும் அலையாக்கி 110.0-இல் இயங்கும்: 120.7 கழித்தல் 110.0, விடை 10.7. ஆனால் 110.0 கழித்தல் 99.3 என்றாலும் அதே 10.7 தானே! வலுவான பண்பலை ஒலிபரப்பு வடிகட்டியைத் தாண்டி இப்படிப் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. இதற்குப் பிம்ப அலைவெண் என்று பெயர். இத்தகைய சேனலை 'லாக்அவுட்' செய்து தாண்டவிடலாம்.

சரி, எவ்வளவு தூரம் கேட்கும்? இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஐந்தாம் மாடி ஆண்டெனா 16 மீட்டர் உயரத்தில் என்றால் 16.5 கிலோமீட்டர். கப்பலின் ஆண்டெனா 25 மீட்டர் உயரத்தில் என்றால் 20.6. கூட்டினால் 37. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் துறைமுகம் நேர்கோட்டில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். கணக்குப்படி விளிம்பில் எட்டுகிறது. உண்மையில் இடையே நிற்கும் கட்டடங்கள் அவ்வளவு எளிதில் விடமாட்டா. 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானமோ 412 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் 'தெரியும்'.

கிள்ளான் துறைமுகத்திலும் மலாக்கா நீரிணையிலும் ஒவ்வொரு கப்பலும் காது கொடுக்கும் அலைவெண் ஒன்று உண்டு: 156.800 மெகாஹெர்ட்ஸ், கடல்சார் சேனல் 16. ஆபத்து அழைப்பும் முதல் அழைப்பும் இதில்தான். அழைத்தவுடன் வேறு சேனலுக்கு மாறிப் பேச வேண்டும். வழி எப்போதும் திறந்திருக்க வேண்டுமே! இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கின் அருகே கலிஃபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதிலிருந்த ஒரே வானொலி இயக்குநர், டைட்டானிக் பனிப்பாறையில் மோதுவதற்குச் சில நிமிடங்கள் முன்புதான் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். அழைப்பைக் கேட்டது மிகத் தொலைவில் இருந்த கர்பாத்தியா. அதன் இயக்குநரும் தூங்கப் போகும் நேரம். ஹெட்போனை இன்னும் கழற்றாததால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். இன்றைய கப்பல்களில் சேனல் 70-ஐ ஒரு கருவியே இரவு பகலாகக் கேட்கிறது. ஸ்கேனரின் 'பிரையாரிட்டி' பொத்தானும் அதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது: எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு சேனலை மட்டும் அடிக்கடி திரும்பி வந்து பார்க்கும்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே விமான, கப்பல் அலைவெண்களை எடுத்தது இயங்குமுறையை விளக்கத்தான். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 234ஆவது பிரிவு, சட்டப்பூர்வ அனுமதியின்றிப் பிறர் தொடர்பை இடைமறிப்பதையும் அதன் உள்ளடக்கத்தை வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. கேட்டதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது விளையாட்டல்ல. அதோடு, ஸ்கேனரால் கேட்க மட்டுமே முடியும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கையடக்க வாக்கி-டாக்கி அப்படியல்ல, பேசும் பொத்தான் தவறி அழுந்தினால்கூட உரிமமின்றி ஒலிபரப்பியவர் ஆவீர்கள். வாங்குமுன் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் விசாரியுங்கள். சிரிம் சான்று உள்ளதா என்றும் பாருங்கள்.

தொடங்குவதற்கு அமெச்சூர் வானொலியைவிட நல்ல இடம் இல்லை. அவர்கள் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை வெளிப்படையாகப் பேசுகிறார்கள். 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக் குறிகள் தீபகற்ப மலேசியாவைச் சேர்ந்தவை. 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாஃபாரும் 9டபிள்யூ2எம்யூஎஸ் என்ற குறியுடன் அங்கிருந்து அமெச்சூர் வானொலியில் பேசினார்.

அந்த நிலையத்தின் குரலை நீங்களும் பிடிக்கலாம். அலைவெண் 145.800, எஃப்.எம். அலைநீளம் 300-ஐ 145.8-ஆல் வகுத்தால் 2.06 மீட்டர், கால் அலை ஆண்டெனாவுக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் கம்பி போதும். நிலையம் வினாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதால், டாப்ளர் விளைவால் அலைவெண் 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஏறியிருக்கும். ஆகவே மூன்று சேனல்கள் பதியுங்கள்: 145.805, 145.800, 145.795. நிலையம் நம் ஊரைக் கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவைத்து, மொட்டைமாடிக்குப் போங்கள். இப்போது ஸ்கேன் வேண்டாம், கையால் மாற்றுங்கள். அடிவானத்தில் ஏறும்போது முதலாவது, உச்சியில் இரண்டாவது, இறங்கும்போது மூன்றாவது. மொத்தம் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. அன்று மேலே யாரும் பேசாமலும் இருக்கலாம். அடுத்த கடப்புக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் காத்திருங்கள்.