ஒரே ஒரு மெழுகுவத்தி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நூலகத்திலிருந்து ஒரு பேய்க்கதைத் தொகுப்பை எடுத்து வந்ததற்கு வீட்டில் திட்டு விழுந்ததாம். "பத்தாவது முடிச்ச பொண்ணு படிக்கிற புத்தகமா இது?" என்று அம்மா கேட்டாளாம். அம்புலிமாமா வீட்டுக்கு வருகிற நாளில் வேதாளம் கதையை முதலில் யார் படிப்பது என்று மாமாவோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். கேட்டுப் பார். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை அவள் இன்னும் மறந்திருக்க மாட்டாள்: தோளில் பிணம், கையில் வாள், சுடுகாட்டு வழியே நடக்கும் அரசன்.

அந்தக் கதைகள் 1947இல் தொடங்கிய பத்திரிகையைவிட எவ்வளவோ பழையவை. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே வேதாளத்தின் 25 கதைகளும் இருக்கின்றன. அது பேயைப் பற்றிய தொகுப்புகூட அல்ல, பேயே சொல்கிற தொகுப்பு. பிணத்துக்குள்ளிருந்து வரும் குரல், இருட்டு, வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தும் காதைப் பொத்திக்கொள்ள முடியாத ஓர் ஆள். ஒரு நல்ல திகில் சிறுகதைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

அறுநூறு பக்க நாவலில் வராத பயம் எட்டுப் பக்கக் கதையில் எப்படி வருகிறது என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. 1904ஆம் ஆண்டைக் கொஞ்சம் பார்த்தால் விடை கிடைக்கும். அந்த ஒரே ஆண்டில் இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருந்தார். மற்றவர் இருந்தது டோக்கியோவில். இருவரும் சந்தித்ததில்லை. ஆனால் இரண்டு புத்தகங்களும் பிறந்த விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு.

கேம்பிரிட்ஜ்காரர் எம். ஆர். ஜேம்ஸ். இடைக்காலச் சுவடிகளைப் படித்து அட்டவணைப்படுத்துவதில் பெரிய அறிஞர். பிறகு கிங்ஸ் கல்லூரியின் தலைவராகவும் ஆனவர். கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்கள் அவர் அறையில் கூடுவார்கள். அவர் படுக்கையறைக்குள் போய், அப்போதுதான் எழுதி முடித்த தாள்களோடு வெளியே வருவார். மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைப்பார். ஒன்றை மட்டும் விட்டுவைத்து, அந்த வெளிச்சத்தில் படிக்கத் தொடங்குவார். அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த எட்டுக் கதைகள்தான் அவருடைய முதல் தொகுப்பு. அதற்குப் படம் வரையத் தொடங்கிய அவருடைய இளம் நண்பர் ஜேம்ஸ் மெக்பிரைட் நான்கு ஓவியங்களை முடித்த நிலையில் இறந்துபோனார். அந்த நான்கோடுதான் புத்தகம் வந்தது. பழைய பதிப்பு கையில் கிடைத்தால், எட்டுக் கதைகளுக்கு நான்கே படங்கள் இருப்பதைக் கவனி. அதற்குப் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது.

அந்த நான்கில் ஒரு விசிலைப் பற்றிய கதைக்கான படமும் உண்டு. விடுமுறைக்குக் கடற்கரை ஊருக்கு வந்த ஒரு பேராசிரியர். பேய் பிசாசு என்றாலே முகம் சுளிக்கிறவர். மண்ணில் புதைந்த ஒரு பழைய கட்டடத்தின் இடிபாட்டில் அவருக்கு ஒரு விசில் கிடைக்கிறது. அறைக்குக் கொண்டுவந்து துடைத்து ஊதிப் பார்க்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அவர் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் யாரும் படுப்பதில்லை. அந்தக் காலிக் கட்டிலின் விரிப்பு ஓரிரவு எழுந்து உட்கார்கிறது. அதற்குக் கண் கிடையாது. கைகளை நீட்டி அறை முழுக்கத் தடவித் தேடுகிறது. வந்தது யார், எதற்காக வந்தது என்று ஜேம்ஸ் கடைசிவரை சொல்வதில்லை. கோரைப்பல்லும் இரத்தமும் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். படித்து முடித்தவன் போய்ப் படுக்க வேண்டிய கட்டில் விரிப்பையே பேயாக்கிவிட்ட துணிச்சல்தான் அந்தக் கதையை நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழவைத்திருக்கிறது.

டோக்கியோவில் இருந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்து, டப்ளினில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகைக்காரராக அலைந்து, 1890இல் ஜப்பானில் கரை சேர்ந்தவர். பதினாறு வயதில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. ஜப்பானியப் பெண் கொய்சுமி செட்சுவை மணந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1896இல் அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார். இரவில் விளக்குத் திரியைச் சிறிதாக்கிவிட்டு மனைவியிடம் பேய்க்கதை கேட்பார். செட்சு பழைய புத்தகங்களைத் தேடிப் படித்து வைத்திருப்பார். ஆனால் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது, உன் சொந்தச் சொல்லில் சொல் என்பது ஹெர்ன் போட்ட நிபந்தனை. அப்படிக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம்தான் 'க்வைதான்'. அது வெளிவந்த அதே ஆண்டு, 1904 செப்டம்பரில் ஹெர்ன் இறந்தார். அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. செட்சுவின் பெயரும் சேர்ந்திருக்க வேண்டிய புத்தகம் அது.

அதன் முதல் கதை ஹோய்ச்சியைப் பற்றியது. 1185இல் தன்னோஉரா கடற்போரில் ஹெய்கே குலம் குழந்தைப் பேரரசனோடு அழிந்தது. அந்தப் போரை பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பாடுகிற பார்வையற்ற பாடகன் ஹோய்ச்சி. ஓரிரவு ஒரு படைவீரன் வந்து அவனைத் தன் தலைவனின் மாளிகைக்கு அழைத்துப் போகிறான். ஹோய்ச்சி பாடப் பாட, கேட்கிற கூட்டம் விம்மி அழுகிறது. அவன் உட்கார்ந்து பாடுவது இடுகாட்டில், கொட்டும் மழையில் என்பது பின்னால்தான் தெரியவருகிறது. அவனைக் காப்பாற்ற கோயில் குரு உடம்பு முழுக்கப் புனித சூத்திரத்தை எழுதவைக்கிறார். எழுத்து இருக்கும் இடம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. காதுகளில் மட்டும் எழுத மறந்துபோகிறார்கள். வந்த வீரனுக்கு இருட்டில் இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றன. தலைவனிடம் காட்டுவதற்கு அவற்றையாவது கொண்டுபோவோம் என்று பிய்த்து எடுத்துப் போகிறான். வலியில் கத்தினால் உயிர் போய்விடும். ஹோய்ச்சி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதை எழுதப்பட்ட நாட்களில் செட்சு பக்கத்து அறையிலிருந்து மெல்லிய குரலில் ஹோய்ச்சியின் பெயரைச் சொல்லி அழைப்பாராம். ஹெர்ன் குருட்டுப் பாடகனாகவே மாறிப் பதில் கொடுப்பாராம். செட்சுவே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஓரிடத்தில் ஒற்றை மெழுகுவத்தி, இன்னோரிடத்தில் தணித்த திரி. இந்தக் கதைகள் காதுக்காகப் பிறந்தவை என்று தெரிகிறதல்லவா? எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து போவதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நெருக்கடிதான் அவற்றுக்கு வடிவம் தந்தது. எட்கர் ஆலன் போ 1842இலேயே இதைச் சட்டம்போல எழுதி வைத்தார்: ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியதாகக் கதை இருக்க வேண்டும், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். நடுவில் எழுந்து சோறு தின்னப் போனால் அதுவரை சேர்ந்த உணர்வு கலைந்துவிடும். நாவலால் இது முடியாது. 1897இல் வந்த 'டிராகுலா'வை எடுத்துக்கொள். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவன் நாட்குறிப்பு எழுதும் முதல் நான்கு அத்தியாயங்களில் மயிர்க்கூச்செறிகிறது. அதன்பின் நல்லவர்கள் கூடித் திட்டம் போடத் தொடங்குகிறார்கள். கதை விறுவிறுப்பாகத்தான் போகிறது, ஆனால் பயம் இறங்கிவிடுகிறது. பேயைப் பற்றிய தகவல் கூடக்கூட அது வெறும் எதிரியாகிவிடுகிறது.

ஆகவே ஒரு தொகுப்பைக் கையில் எடுத்தால், கதை எங்கே நிற்கிறது என்று பார். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்' இதற்குப் பாடப்புத்தகம். இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்ததாக ஒரு பட்டாளத்துக்காரர் கொண்டுவந்த குரங்குக் கால். மூன்று வரம் தரும். கிழவர் இருநூறு பவுன் கேட்கிறார். மறுநாள் மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான். நிறுவனம் தருகிற பணம் சரியாக இருநூறு பவுன். தாயின் பிடிவாதத்தில் இரண்டாம் வரம்: அவன் திரும்பி வரட்டும். அன்றிரவு கதவு தட்டப்படுகிறது. புதைத்துப் பத்து நாள் ஆன, முகமே அடையாளம் தெரியாமல் சிதைந்துபோன பிள்ளை. தாய் தாழ்ப்பாளோடு போராடுகிறாள். தந்தை தரையில் அந்தக் காலைத் தேடி மூன்றாம் வரத்தைக் கேட்கிறார். கதவு திறந்தபோது தெருவில் யாரும் இல்லை. தட்டியது என்ன என்பதை ஜேக்கப்ஸ் காட்டியிருந்தால் அந்தக் கதையை இன்று யாரும் படிக்க மாட்டார்கள்.

'க்வைதானி'ல் 'முஜினா' என்று ஒரு கதை, இரண்டு மூன்று பக்கம்தான். இருட்டுச் சாலையில் ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். இரக்கப்பட்டுப் பேச்சுக் கொடுத்த வியாபாரியிடம் அவள் திரும்பி, முகத்தைக் கையால் தடவுகிறாள். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. அவன் ஓட்டமாய் ஓடி, தூரத்தில் தெரிந்த ஒரு நூடுல்ஸ் வண்டிக்காரனின் விளக்கடியில் போய் விழுகிறான். அங்கே நடப்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நீயே படி.

இத்தகைய தொகுப்பு ஒன்று செய்த இன்னொரு வேலையும் உனக்குத் தெரிய வேண்டும். 1815 ஏப்ரலில் இன்று இந்தோனேசியாவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தில் பரவி, மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரனும் நண்பர்களும், ஜெர்மன் பேய்க்கதைகளைப் பிரெஞ்சில் தொகுத்த 'ஃபாண்டஸ்மகோரியானா' என்ற புத்தகத்தைப் படித்தார்கள். நாமும் ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்றார் பைரன். பெரிய கவிஞர்கள் எழுதத் தொடங்கி விட்டுவிட்டார்கள். அங்கே இருந்த மேரி என்ற பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது, உன்னைவிட இரண்டே வயது மூத்தவள். அவள் எழுதியது 'ஃபிராங்கென்ஸ்டைன்'. கூட இருந்த மருத்துவர் பாலிடோரி எழுதியது 'தி வாம்பயர்'. இரத்தம் குடிக்கும் பிரபு ஆங்கிலக் கதைக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். அந்தப் பழைய தொகுப்பை இன்று அதிகம் பேர் படிப்பதில்லை. அதனால் என்ன? அது தன் வேலையைச் செய்துவிட்டது.

இது பழைய ஆட்களின் பொழுதுபோக்கு என்று அம்மா சொன்னால், அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸைக் காட்டு. அவருடைய தொகுப்பு ஒன்று 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. மறு ஆண்டு அதே பட்டியலில் கொரியாவின் போரா சங் எழுதிய 'சபிக்கப்பட்ட முயல்'. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி. ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள். என்ரிக்கெஸின் கதை ஒன்றில் இரண்டு பெண் பிள்ளைகள் விளையாட்டாக ஒரு விடுதிக்குள் இரவில் நுழைகிறார்கள். அந்த ஆட்சியில் அது போலீஸ் பள்ளியாக இருந்த கட்டடம். திடீரென்று வெளியே வண்டிகள் வரும் சத்தம், ஆட்கள் ஓடும் சத்தம், சன்னல்களை அடிக்கும் சத்தம். விடுதியிலிருந்த மற்றவர்கள் எதையும் கேட்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஆண்டும் எண்ணிக்கையும் இருக்கும். அந்த வண்டிச் சத்தம் இருக்காது. அதற்காகவே இந்தக் கதைகள் வேண்டும் என்பது மாமாவின் உறுதியான எண்ணம்.

தமிழில் தொடங்க வேண்டுமானால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. தூக்கம் வராமல் கிடக்கும் ஓர் எழுத்தாளர், எங்கிருந்தோ வரும் ஒரு வாடை, பிச்சை கேட்டு வந்து வேலைக்காரியாகச் சேரும் ஒரு பெண். பேய் உண்டா இல்லையா என்ற கேள்விக்குக் கதை பிடிகொடுக்காது. முதல் முறை பயத்துக்காகப் படி. இரண்டாம் முறை, சந்தேகம் எந்த வரியில் உள்ளே நுழைந்தது என்று தேடிப் படி.

எப்படிப் படிப்பது என்றும் கேட்டிருந்தாய். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். நான்கை ஒரே மூச்சில் படித்தால் எழுத்தாளரின் உத்தி பழகிவிடும். ஐந்தாவதில் கதவு தட்டப்படும் முன்பே கொட்டாவி வரும். பிடிக்காத கதையைத் தாண்டிப் போ, எந்தத் தொகுப்பிலும் சோடைகள் உண்டு. சித்திரவதையை விவரித்துக்கொண்டே போகிற கதைகளை இப்போதைக்கு ஒதுக்கிவை. அவற்றில் பெரும்பாலும் குமட்டல்தான் மிஞ்சுகிறது. ஹெர்னின் பனிப்பெண் கதையைத் தவறவிடாதே. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற பின், கணவன் வாக்குத் தவறியதால் அவனைக் கொல்ல வேண்டியவள், பிள்ளைகளுக்காக அவனை விட்டுவிட்டுப் பனிமூட்டமாய்க் கரைந்து போகிறாள். அதில் பயம் குறைவு, துக்கம் அதிகம்.

பிறகு, வாய்விட்டுப் படி. பழைய ஜப்பானில் நூறு கதைக் கூட்டம் என்று ஒரு விளையாட்டு இருந்தது. நூறு திரிகளை ஏற்றிவைத்து, ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒன்றை அணைப்பார்கள். நூறாவது அணைந்ததும் ஏதோ வரும் என்ற அச்சத்தில் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வார்களாம். உங்கள் வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி போதும். அடுத்த முறை கரண்ட் போகிற இரவில் தம்பியையும் அம்மாவையும் உட்கார வைத்து 'முஜினா'வைப் படித்துக் காட்டு. கடைசி வரி வந்ததும் நிறுத்து, மெழுகுவத்தியை ஊது. அம்மா என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாமா