ஒரு சாளரத்தில் இரு மொழி

சாலைக் கடைத்தெருவில் ‘வெள்ளம்’ கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். நம் வீட்டுத் தமிழில் அது ஊரையே மூழ்கடிக்கும். இத்தகைய சொற்களை நம் பிள்ளைகளே பட்டியலிட ஒரு சிறு நிரல் எழுதலாம்.

பள்ளியில் பைத்தான் மொழியில் ஆமையை நகர்த்திப் படம் வரைந்திருப்பார்கள் அல்லவா? அந்த ஆமைக்கு அடியில் இருப்பது டிகே-இன்டர். ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே கருவித்தொகுப்பைப் பைத்தானோடு இணைப்பது அதுதான். பேரேட்டின் ஓரத்தில் ஒட்டும் அட்டைக்காது போன்ற டேப்களைத் தரும் ‘நோட்புக்’, 2007இல் வந்த டிகே 8.5இலிருந்து அதன் ‘டிடிகே’ பகுதியில் உண்டு.

முதலில் சாளரம், அதனுள் நோட்புக். அடுத்து, நோட்புக்கையே தாயாகக் கொண்டு இரண்டு ‘ஃபிரேம்’கள். இவற்றை ‘ஆட்’ கட்டளையால் ‘தமிழ்’, ‘மலையாளம்’ என்று பெயரிட்டுச் சேர்க்க வேண்டும். பழக்கதோஷத்தில் ஆட் செய்யாமல் ஃபிரேமை ‘பேக்’ செய்தால் டேப் வராது. நானும் ஒரு மாலை முழுவதும் விழித்தேன். பேக் செய்வது நோட்புக்கை மட்டுமே. சொற்களை அந்தந்த ஃபிரேமுக்குள் ‘லேபிள்’களாக வைத்து, இறுதியில் ‘மெயின்லூப்’ எழுதுங்கள்.

லினக்ஸில் ஒரு சங்கடம்: டிகேயின் பல பதிப்புகளில் ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும். பிழை நிரலில் இல்லை. பிள்ளை அதையே சரியென்று பழகுமுன் விண்டோஸ் கணினியில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.