ஒளியால் அறியும் நுண்துகளின் துடிப்பு

பெருமணி மந்த ஸ்தாயியிலும் கைம்மணி உச்ச ஸ்தாயியிலும் ஒலிப்பதை யாவரும் அறிவர். மணியைக் காணாமலே, ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், அது பெரிதோ சிறிதோ எனக் கூறிவிடலாம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் பகுத்தால் வரும் ஒரு பங்கிற்கு நானோமீட்டர் என்று பெயர். அத்தகைய பங்குகள் பத்தே அகலமுள்ள உலோக ஆக்ஸைடுத் துகளும் ஓயாது துடித்துக்கொண்டிருக்கிறது. அத்துடிப்பைச் செவியாற் கேட்டல் இயலாது, ஒளியால் அறியலாம். அவ்வழியையும், அதில் நேரக்கூடிய மயக்கத்தையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஒரே நிறமுள்ள ஒளிக்கற்றை ஒரு பொருளின்மீது படுங்கால், சிதறும் ஒளியிற் பெரும்பகுதி வந்த நிறத்துடனேயே வெளிப்படும். மிகச் சிறு பகுதி மாத்திரம் அணுக்களின் துடிப்புக்குத் தன் சக்தியிற் சிறிது ஈந்தோ, அதனின்று சிறிது பெற்றோ, நிறம் மாறித் தோன்றும். இவ்வுண்மையைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி கல்கத்தாவிற் கண்டார். அவ்வாராய்ச்சியில் அவருக்குத் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர் என்பது நம் மாணாக்கர் நினைவில் வைக்கத்தக்கது. நிறமாற்றத்தின் அளவை அலை எண்ணாற் குறிப்பர். அலை எண்ணாவது ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் தொகை.

துகளின் துடிப்பு இருவகைப்படும். ஒன்று, துகள் முழுவதும் ஒரு மணிபோல் விரிந்து சுருங்குதல். மீள்சக்தியுள்ள உருண்டை இவ்வாறு துடிக்கும் முறையை ஹோரஸ் லாம்ப் 1882-இற் கணித்தார். 1986-இல் டுவால் முதலிய பிரெஞ்சு அறிஞர், கண்ணாடியினுட் பொதிந்த ஆக்ஸைடுப் படிகங்களில் அத்துடிப்பை இராமன் முறையாற் கண்டனர். துகளின் விட்டம் பாதியானால் அலை எண் இருமடங்காகும். மணியின் நியதி இங்கும் செல்லும் என்க.

மற்றொன்று, படிகத்தினுள் அணுக்கள் ஒன்றற்கொன்று எதிராக அசைதல். டைட்டேனியம் டை ஆக்ஸைடின் அனட்டேஸ் வடிவில் இவ்வகையின் மிகத் தெளிவான கோடு 144 என்னும் அலை எண்ணில் தோன்றும். ரூட்டைல் வடிவிலோ 447, 612 ஆகிய இடங்களிற் கோடுகள் விளங்கும். ஆதலால் வெள்ளைப் பொடி ஒன்றைக் கரைக்காமலும் சிதைக்காமலும் அஃது எவ்வடிவினது எனத் தெளியலாம். பெரும் படிகத்தில், அணுக்கூட்டங்கள் யாவும் ஒரே தாளத்தில் அசையும் துடிப்புகளே இக்கோடுகளைத் தரும். படிகம் பத்து நானோமீட்டர் அளவிற்குக் குறுகுங்கால் அக்கட்டுப்பாடு தளர்ந்து, சற்றே வேறுபட்ட அலை எண்ணுள்ள துடிப்புகளும் கலக்கின்றன. அதனால் அனட்டேஸின் 144-ஆம் கோடு அகன்று மேல்நோக்கி நகர்கின்றது. சீரியம் ஆக்ஸைடின் 464-ஆம் கோடோ அகன்று கீழ்நோக்கி நகரும்.

அங்ஙனமாயின், கோடு நகர்ந்த அளவைக் கொண்டே துகளின் பருமனைக் கூறிவிடலாமே எனத் தோன்றும். மயக்கம் எழுவது இங்கேதான். 1990-இல் அமெரிக்காவில் பார்க்கர், சீகல் என்னும் இருவர், தாம் ஆராய்ந்த நுண்ணிய டைட்டேனியம் டை ஆக்ஸைடில் கோடு நகர்ந்ததற்குக் காரணம் துகளின் சிறுமையன்று, பிராணவாயுவின் குறைவே என்று கூறினர். பிராணவாயுவிற் சூடேற்றியபின் கோடு தன் பழைய நிலையை நோக்கி மீண்டது. பிறர் வேறு பொடிகளிற் சிறுமையும் காரணமாதலைக் காட்டினர். அன்றியும், சோதிக்கும் லேசர் ஒளியே துகளைச் சூடாக்கி, அக்கோட்டை அதே திசையில் நகர்த்தவும் கூடும்.

ஆகவே ஒரே விளைவுக்குச் சிறுமை, பிராணவாயுக் குறைவு, வெப்பம் என மூன்று காரணங்கள் உள. ஆராய்பவர் முதலில் ஒளியின் வலிமையைக் குறைத்து மீண்டும் அளக்க வேண்டும். அப்பொழுது கோடு இடம் பெயருமாயின் வெப்பம் கலந்திருந்தது என்பது தெளிவு. அடுத்து, துகள் வளராத அளவு சூட்டிற் பொடியைப் பிராணவாயுவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, எக்ஸ் கதிராலோ எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பாலோ பருமனைத் தனியே அளந்து ஒப்பிடல் வேண்டும். இவ்வாறு மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே, அக்கோடு கூறும் பருமனை நாம் ஏற்றுக்கொள்ளல் தகும்.