ரேஸ் படம்: எடுத்தவருக்கா, எடுக்கச் சொன்னவருக்கா?

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ கோவை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயிலோ ரேஸ் நடக்கும் வார இறுதிகளில், நீள லென்ஸோடு வெயிலில் நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுத்த படத்தை ரைடருக்கோ டீமுக்கோ ஸ்பான்சருக்கோ விற்றால்தான் பெட்ரோல் செலவாவது தேறும். பைக் வளைவில் சாய்ந்து, முழங்கால் ஸ்லைடர் தரையை உரசும் நொடியைப் பிடிக்க அவர்களுக்குத் தெரிகிறது. அந்தப் படத்தில் தமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்த இடத்தை வாய்வழி நம்பிக்கைகள் நிரப்பிவிடுகின்றன. அவற்றில் சிலவற்றை 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தோடு வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஷட்டரை அழுத்தியது நான், காப்புரிமையும் எனக்கே.

பொது விதி அதுதான். எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படம் பிறக்கும்போதே உரிமையும் பிறந்துவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அது எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

சிக்கல் 17ஆம் பிரிவில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒரு டீம் மேனேஜர் வந்து, "தம்பி, ரெண்டு நாளும் எங்க வண்டிய மட்டும் ஃபாலோ பண்ணுங்க, இவ்வளவு தந்துடறோம்" என்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு எடுக்கிறீர்கள். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் அந்த டீம். பணம் பேசி, ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக எடுக்கும் புகைப்படத்துக்குச் சட்டம் வகுத்திருக்கும் விதி அது. அதே படங்களை அடுத்த மாதம் நீங்கள் காலண்டருக்கு விற்றால், உரிமை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

இப்போது இன்னொரு சனிக்கிழமை. யாரும் எதுவும் கேட்கவில்லை. உங்கள் விருப்பத்துக்கு எடுக்கிறீர்கள். ஞாயிறு மாலை அதே மேனேஜர் உங்கள் லேப்டாப்பில் படங்களைப் பார்த்துவிட்டு அதே தொகையைக் கொடுத்து வாங்குகிறார். இப்போது காப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அவர் வாங்கியது பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். அதே வண்டி, அதே வளைவு, அதே தொகை. பேச்சு ரேஸுக்கு முன் நடந்ததா, பின் நடந்ததா என்பதே உரிமையாளரை மாற்றிவிடுகிறது. முன்கூட்டியே பேசுகிறவர்கள், "காப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும்" என்று ஒரே ஒரு வரியை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும். சட்டம் அதை ஏற்கிறது. அந்த வரியைக் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு சீசன் முழுவதற்குமான உழைப்பை இழப்பது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின் போக்கில் எடுக்கும் படம் முதலாளிக்கே சொந்தம். பத்திரிகை ஊழியர்களுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், படத்தைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் நிறுவனத்துக்கு. மற்ற உரிமைகள் எடுத்தவருடையவை. பணி நியமனக் கடிதத்தில் இதற்கு மாறாக எழுதியிருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: டிக்கெட்டில் அச்சடித்துவிட்டால் படம் அமைப்பாளருக்குப் போய்விடும்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உலவுகிறது: டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டால் எதையும் விற்கலாம் என்று. இரண்டுமே தவறு. காப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதில் கொடுப்பவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. கையெழுத்தே போடாத டிக்கெட், உங்கள் காப்புரிமையை இந்தியச் சட்டப்படி பறித்துவிட முடியாது. ஆனால் டிக்கெட் ஓர் ஒப்பந்தம். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே படம் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு உள்ளே போயிருந்தால், விற்பது ஒப்பந்த மீறலாகலாம். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த தெரு ரேஸ் போன்ற ஒன்றை, டிக்கெட் வாங்காமல் பொது இடத்தில் நின்று எடுத்தவரை அந்த நிபந்தனை கட்டாது.

மீடியா பாஸ் விஷயம் வேறு. அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள். 'செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வரி இத்தகைய படிவங்களில் வழக்கம். அதற்குக் கையெழுத்திட்டுவிட்டு, பிட்டில் ரைடர்களுக்கு பிரிண்ட் விற்றால், அடுத்த முறை பாஸ் மறுக்கப்படலாம். படங்களின் உரிமையையே அமைப்பாளருக்கு எழுதிக்கொடுக்கும் வரியும் அங்கே இருக்கக்கூடும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து இருந்தால் 19ஆம் பிரிவு உங்களைக் காப்பாற்றாது. பாஸைக் கழுத்தில் மாட்டும் அவசரத்தில் யாரும் படிக்காத தாள் அது.

நம்பிக்கை: ஹெல்மெட் போட்டிருக்கிறார், முகம் தெரியவில்லை, விளம்பரத்துக்கு விற்கலாம்.

இதற்கு அமெரிக்காவில் 1974இலேயே பதில் கிடைத்துவிட்டது. லோதர் மோட்ஷன்பாக்கர் அங்கே பெயர்பெற்ற ரேஸ் ஓட்டுநர். ரேஸ் கார்கள் இருந்த ஒரு பழைய படத்தை வின்ஸ்டன் சிகரெட் நிறுவனமான ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் டிவி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. முன்னால் இருந்தது அவருடைய கார். அதன் 11ஆம் எண்ணை 71ஆக மாற்றி, காரில் ஒரு ஸ்பாய்லரை ஒட்டி, அதில் சிகரெட்டின் பெயரையும் எழுதினார்கள். ஓட்டுநரின் முகமும் அடையாளம் தெரியவில்லை. கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் காரை உற்றுப் பார்த்தது. சிவப்பு உடலில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு, எண்ணுக்குப் பின்னால் நீள்வட்ட வெள்ளைப் பரப்பு. இப்படி அலங்கரித்த கார் அவருடையது மட்டும்தான். பார்ப்பவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று சொல்லி வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது.

அது கலிஃபோர்னியச் சட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2015இல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், புகழ்பெற்றவர் அடையாளம் காணக்கூடியவராக இருந்தாலே போதும், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற அடிப்படையில்தான் தடை விதித்தது. ஹெல்மெட்டின் வண்ணம், வண்டி எண், லெதர் சூட்டில் எழுதிய பெயர் என ரேஸ் உலகில் முகமில்லாமலே ஆளைக் காட்டிக்கொடுப்பவை ஏராளம். போட்டிச் செய்தியோடு அந்தப் படம் வருவதில் தடையில்லை. அதே படம் என்ஜின் ஆயில் விளம்பரத்தில் வந்தால் ரைடரின் சம்மதம் தேவை. காப்புரிமை உங்களிடம் இருப்பது அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. விளம்பர ஏஜென்சி கேட்டால், படத்துக்கு மட்டுமே நீங்கள் பொறுப்பு, ரைடரின் சம்மதம் அவர்கள் வாங்க வேண்டியது என்று எழுதியே கொடுங்கள்.

வண்டியில் உள்ள லோகோக்களைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. ரேஸ் படத்தில் ஸ்பான்சர் ஸ்டிக்கர் தெரிவதால் மட்டும் வணிகக்குறி மீறல் ஆகிவிடாது. டீமின் சின்னத்தைப் பெரிதாகக் காட்டி டி-ஷர்ட்டும் காபிக் கோப்பையும் போடும்போதுதான் வில்லங்கம்.

நம்பிக்கை: கிரெடிட் போட்டுவிட்டால் போதும்.

போதாது. பெயர் கேட்கும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. காப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் அது உங்களோடு இருக்கும். அனுமதி என்பது வேறு. அனுமதியில்லாமல் பயன்படுத்திவிட்டு ஓரத்தில் பெயர் போட்டாலும் அது மீறலே. படத்தில் இருக்கும் உரிமையாளர் விவரத்தை வேண்டுமென்றே நீக்குவதற்கு 65பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. "ஃபுல் ரெசல்யூஷன் அனுப்புங்க ப்ரோ, டேக் பண்றோம்" என்று வரும் செய்திகளுக்கு இலவசமாக அனுப்புவது உங்கள் விருப்பம். ஆனால் அதை எங்கே, எவ்வளவு காலத்துக்குப் போடலாம் என்பதை அதே உரையாடலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

விற்கும்போதும் அதையே செய்ய வேண்டும்: எந்தப் பயன்பாடு, எத்தனை காலம், எந்த நாடு, அவருக்கு மட்டுமா மற்றவர்களுக்கும் தரலாமா. காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்றும் 19(4) சொல்கிறது. பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் 'பிரிவு 19(4) பொருந்தாது' என்ற ஒரு வரி கடைசிப் பக்கங்களில் இருக்கக்கூடும். கையெழுத்துக்கு முன் தேடிப் பார்த்து, இருந்தால் அதற்குத் தனியாக விலை பேசுங்கள்.