நுகர்வோர் பாடம்: போட்ட விலைக்குக் கடைக்காரர் கொடுத்தே ஆகணுமா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி ஆதங்கத்தோடு கேட்டார்: “மேடம், செல்போன்ல தையல் மெஷின் 899 ரூபாய்னு போட்டிருந்துச்சு. உள்கடன் வாங்கி அஞ்சு மெஷினுக்கு 4,495 ரூபாய் கட்டினேன். ஆர்டர் கிடைச்சதுன்னு மெசேஜும் வந்துச்சு. மறுநாளே ‘விலை 8,990, தவறுதலா போட்டுட்டோம், ஆர்டர் ரத்து’ங்கறாங்க. பணமும் இன்னும் வரல, வட்டி ஓடுது. போட்ட விலைக்குக் கொடுக்க வேண்டாமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நாம் நினைப்பது போல் இல்லை.

விலை போடுவது ஓர் அழைப்பு

கடையில் விலை எழுதி வைப்பது, “வந்து வாங்குங்க” என்று அழைப்பது மாதிரி. “இந்த விலைக்குக் கொடுங்க” என்று கேட்பது நாம். கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒப்பந்தம் உண்டாகிறது. ஆர்டர் கிடைத்தது என்ற மெசேஜ் எல்லா நேரமும் ஒப்புதல் ஆகாது. பல இணையக் கடைகள், பொருளை அனுப்பும்போதுதான் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று தங்கள் நிபந்தனையில் எழுதி வைத்திருக்கின்றன.

சிங்கப்பூரில் நடந்தது

2003 ஜனவரியில் அங்கே ஓர் இணையக் கடையில் 3,854 வெள்ளி விலையுள்ள பிரிண்டர் தவறுதலாக 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். உறுதி செய்யும் மின்னஞ்சலும் தானாகவே போய்விட்டது. கடை கொடுக்க மறுத்ததால் வழக்கு நடந்தது. விலை தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள், அதனால் ஒப்பந்தம் செல்லாது என்று 2004இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

நம் நாட்டில்

அதற்காகக் கடைக்காரர் எப்போதும் தப்பிக்க முடியாது. ஒருவர் மட்டும் தவறாக நினைத்தார் என்பதற்காகவே ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. நம்பக்கூடிய விலையாக இருந்து, கடையும் ஒப்புக்கொண்டிருந்தால் நமக்கு வாதாட இடம் உண்டு. கொடுக்கும் எண்ணமே இல்லாமல் மலிவு விலை விளம்பரம் செய்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

நாம் செய்ய வேண்டியவை

1. விலை, ஆர்டர் எண், மெசேஜ், பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.
2. ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேளுங்கள். அதை யாரும் பிடித்து வைக்க முடியாது.
3. கடையின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.
4. தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.
5. நம்ப முடியாத விலை என்றால் போலிக் கடையாகவும் இருக்கலாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

அந்தச் சகோதரியும் நானும் உட்கார்ந்து புகார் எழுதினோம். ஒன்பதாம் நாள் 4,495 ரூபாயும் கணக்கில் வந்துவிட்டது. மெஷின் கிடைக்கவில்லை, ஆனால் கடன் அடைந்தது.

நாமே விற்கும்போது

நம் குழுக்களும் இப்போது செல்போனில் பொருள் விற்கின்றன. 450 ரூபாய் தேன் பாட்டிலுக்கு ஒரு சைபர் விட்டுப்போய் 45 என்று பதிவானால்? உடனே திருத்துங்கள், வாங்கியவரிடம் உண்மையைச் சொல்லுங்கள், பணத்தை அன்றே திருப்புங்கள். நமக்கு எதிர்பார்க்கும் நியாயத்தை நாமும் கொடுக்க வேண்டும் அல்லவா?

குழுவில் பேசுங்கள்: பொருளின் விலை தவறு என்று தெரிந்தே ஆர்டர் போடுவது சரியா? உள்கடன் எடுத்து இணையத்தில் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?